நாற்பது அடி வடக்கே

நான் குடியிருக்கும் கணபதியிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு நேர் பஸ் இருக்கிறது என்பது இன்று காலைதான் எனக்குத் தெரிந்தது. இருபத்தொன்பது வருடமாக இந்த ஊரின் தெருக்களை அளந்து வரைந்தவன், எந்த பஸ் எங்கே போகிறது என்று பார்த்ததே இல்லை. உட்கார இடமும் கிடைத்தது. பக்கத்தில் ஓர் அம்மா பூக்கூடையை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டு வந்தார். என் மடியில் இந்தப் பிளாஸ்டிக் குழாய் இருந்தது. வரைபடம் சுருட்டி வைக்கிற குழாய். உங்கள் மேஜையில் இருக்கட்டும், மேடம். பேசி முடித்த பிறகு திறந்து பார்க்கலாம்.

என் பெயர் கோவிந்தராஜுலு. வயது ஐம்பத்தேழு. மாநகராட்சி நகரமைப்புப் பிரிவில் தலைமை வரைவாளர். பங்காரம்மா கார்டன் வழக்கில் என்னை ஏற்கெனவே ஒரு முறை விசாரித்திருக்கிறீர்கள். வரைபடத்தை வரைந்தது நான், கையெழுத்துப் போட்டது உதவிப் பொறியாளர் சாமுவேல் என்று அப்போது சொன்னேன். அதில் பொய் இல்லை. கொஞ்சம் குறைத்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

நீங்கள் பணம் எங்கே போனது என்று தேடினீர்கள். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் தேடியிருப்பார்கள். கிடைத்திருக்காது. சாமுவேல் யாரிடமும் கை நீட்டாதவர் என்று ஊருக்கே தெரியும். நானும் கை நீட்டியதில்லை. அது ஊருக்குத் தெரியாது. நான் சொல்ல வந்தது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அன்னூர் போகும் சாலையில் இருந்து உள்ளே தள்ளி அந்த நிலம். ஒரு காலத்தில் கல் உடைத்த பாறைக்குழி. கல் தீர்ந்த பிறகு, எங்கள் கணபதிப் பட்டறைகளிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் இரும்பு வார்த்துக் கழித்த பவுண்டரி மண்ணை லாரி லாரியாகக் கொண்டுபோய் அதில் கொட்டினார்கள். இருபது வருடத்தில் குழி நிரம்பிவிட்டது. மேலே செம்மண் போட்டார்கள், புல் முளைத்தது. பார்த்தால் மைதானம் மாதிரி இருக்கும். நகரத் திட்டத்தில் அந்தப் பகுதிக்கு ஒரு வரிசை போட்டிருந்தோம். முதலில் பெரிய மழைநீர் வடிகால், அதற்குப் பிறகு சாலை, வீடு கடைசியில். 2027க்கு முன்னால் அங்கே குடியிருப்பு கிடையாது.

சாய்சரண் என்ற பில்டர் அந்த நிலத்தை வாங்கி, பங்காரம்மா கார்டன் என்று தன் அம்மா பெயரைப் போட்டு, 2022இல் மனுக் கொடுத்தார். வடிகால் வரும்போது வரட்டும், அறுபத்துநான்கு வீடுகளை இப்போதே கட்ட அனுமதி வேண்டும் என்றார். மாமன்றத்தில் இரண்டு கூட்டம் அதைப் பற்றியே பேசினார்கள். கொடுத்தால் எல்லோரும் இதே மாதிரி கேட்பார்கள் என்றார்கள் சிலர். வீடில்லாமல் ஜனங்கள் எங்கே போவார்கள் என்றார்கள் சிலர். முடிவுக்கு வரவில்லை. கடைசியில் ஒரு கவுன்சிலர் எழுந்து சொன்னார்: "எதுக்குங்க இத்தன பேச்சு? சாமுவேல் சார் போயி பாக்கட்டும். அவரு சரின்னா சரி. இந்த ஆபீசுல கறை படியாத கை அது ஒண்ணுதானுங்க."

நான் அப்போது அந்தக் கூட்டத்தில் வரைபடத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இன்னொரு முனையைச் சாமுவேல் பிடித்திருந்தார். கவுன்சிலர் கை நீட்டிக் காட்டியது அந்த முனையை. யாரும் சிரிக்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. சாமுவேல் மட்டும் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அது அவருக்கு இன்னும் நல்ல பெயரைத் தந்தது.

நீங்கள் இதைப் பொறாமை என்று எழுதிக்கொள்வீர்கள். எழுதலாம். நான் அதைக் கணக்குப் பிழை என்றுதான் நினைத்தேன். இரண்டு பேர் ஒரே தராசில் நிற்கிறார்கள், ஒரே எடை. ஒரு பக்கத்தை மட்டும் படித்துச் சொல்கிறார்கள்.

சாமுவேல் கோபிசெட்டிபாளையத்துக்காரர். என்னைவிட ஆறு வயது சின்னவர், வேலையிலும் எனக்குப் பின்னால் வந்தவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஐந்து நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். என் மனைவி வரலட்சுமி இன்றும் அதைச் சொல்வாள். "சாமுவேல் அண்ணனாட்ட ஒரு மனுசன் கிடைக்க மாட்டாருங்க" என்பாள். அந்த ஐந்து நாளும் அவள்தான் என் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தாள், ஆனால் அவள் நினைவில் நிற்பது அவர்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. இருபது வருடம் பொறுத்தவன் இன்னும் பொறுத்திருப்பேன். அந்த ஆகஸ்டில் என் மகள் பிரத்யுஷாவும் மருமகனும் மனை வாங்க வந்தார்கள். நான் பத்திரத்தைப் பார்த்தேன், இடத்துக்குப் போனேன், புல எல்லையைச் சரிபார்த்தேன், நல்ல மனை என்று சொன்னேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பிறகு பிரத்யுஷா சொன்னாள்: "நைனா, நீங்க சொன்னா சரிதான். ஆனாலும் சாமுவேல் மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறோமே. மனசுக்குத் தெம்பா இருக்கும்."

கேட்டார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு, நல்ல மனை என்றார். அன்று சாயங்காலம் முன்பணம் கொடுத்தார்கள். நான் சொன்னதையேதான் அவர் சொன்னார், மேடம். ஒரு சொல்கூடக் கூடுதலாக இல்லை.

அதற்கு அடுத்த வாரம் பாறைக்குழியில் துளை போட்டுப் பார்த்தோம். ஒன்பது இடத்தில் போட்டோம். தெற்கே ஐந்தடியில் பாறை தட்டியது. வடக்கே போகப் போக முப்பதடி வரை கொட்டிய கறுப்பு மண்தான். சாமுவேல் அதை உள்ளங்கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்தார். கைவிரித்ததும் உதிர்ந்தது.

"தண்ணி போச்சுன்னா கரும்புச் சக்கையாட்ட அமுங்கிப் போயிருமுங்ணா. வடிகால் வராம இந்தப் பக்கம் ஒரு செவுரு எழுப்பக் கூடாதுங்க" என்றார்.

சாய்சரணும் அங்கே இருந்தார். அவரைப் பற்றிப் பேப்பரில் என்னென்னவோ எழுதினார்கள். அவர் அன்றைக்குச் சொன்னது என் காதில் இருக்கிறது. "வடக்கு வரிசை பதினோரு ஊடு போனா போகுதுங்க சார். அந்த எடத்தப் பூங்காவா விட்டுப்போடறேன். மத்ததுக்குச் சீக்கிரம் குடுங்க, போதும்." பேராசைக்காரர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான்.

சாமுவேல் நியாயமான அறிக்கை எழுதினார். வரைபடத்தில் சிவப்புக் கோடிட்ட பகுதியில் வடிகால் முடியும் வரை வீடு கூடாது, மற்ற இடத்தில் முன்கூட்டியே கட்டிக்கொள்ளலாம் என்று. அதில் முதலில் மனை எண்களைப் போட்டிருந்தார். எண்கள் பின்னால் மாறும், வரைபடத்தைப் பார்க்க என்று இருந்தால் போதும் என்று நான்தான் சொன்னேன். நல்ல யோசனை என்று எண்களை அடித்துவிட்டார்.

நான் இரண்டு வரைபடம் வரைந்தேன். முதலாவது சரியானது. அவர் அதைப் பத்து நிமிடம் குனிந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் மதியம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டாவதைக் கொண்டுபோனேன்.

"நிறுவனத்தோட பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சுங்க. மாத்திப்போட்டேன்" என்றேன்.

"நீங்க வரைஞ்சா நான் பாக்கோணுமாங்ணா?" என்று சொல்லி, எழுந்து போய் வலது கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, இடது கையால் தாளைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். தாளில் கறை பட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

இரண்டாவது தாளில் சிவப்புப் பகுதியின் எல்லை நாற்பது அடி வடக்கே நகர்ந்திருந்தது. மனையின் நீளம் நாற்பது அடி. தாளில் பார்த்தால் ஓர் அங்குலம்கூட வராது. பதினோரு வீடுகள் வெளியே வந்துவிட்டன. முதல் தாளைக் கிழிக்கவில்லை. ஒழுங்காக வரைந்த ஒன்றைக் கிழிக்க எனக்குக் கை வராது. அதுதான் இந்தக் குழாயில் இருக்கிறது. துளைகளின் ஆழத்தை எழுதிய அவருடைய குறிப்பேட்டைப் பழைய தாள்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேன்.

மாமன்றத்தில் ஐந்து நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. வரைபடத்தை யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்தைப் பார்த்தார்கள். வடக்கு வரிசைக்கும் கிடைத்துவிட்டதே என்று சாய்சரணுக்கு ஆச்சரியம். சார் மறுபடி யோசித்திருக்கிறார் என்று நான் சொன்னேன். சாமுவேலுக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு வந்து ஈரோட்டுக்குப் போனார். பிரிவு உபசார விழாவில் மாலையை நான்தான் போட்டேன்.

நான் நினைத்தது விரிசல்கள். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு வருடத்தில் சுவர் வெடிக்கும், கதவு இழுக்கும், ஜனங்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கோப்பைத் திறந்தால் அவர் கையெழுத்து. அவரும் தப்புச் செய்யக்கூடிய மனிதர் என்று எல்லோரும் ஒரு தரம் பார்க்க வேண்டும். அதற்கு மேல் நான் எதையும் ஆசைப்படவில்லை.

வீடு விற்கத் தொடங்கியபோது அப்துல் வஹீது என்று ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். உக்கடம் பக்கம் பூட்டு, சாவி ரிப்பேர்க் கடை. ஐம்பது வருடம் வாடகை வீட்டிலேயே இருந்தவர். மனைவி உம்மல் குல்சும் வாசலிலேயே நின்றுகொண்டார். அவர் மட்டும் என் மேஜைக்கு வந்து, நான் நிமிரும் வரை காத்திருந்து கேட்டார்.

"ஏனுங்க சார், அந்தப் பாறைக்குழிக்கிட்ட வடக்கு வரிசையில ஒரு ஊடு பாத்திருக்கோமுங்க. எடம் நல்ல எடந்தானுங்களா? எங்களுக்கு இத உட்டா இன்னொண்ணு வாங்க வக்கில்லீங்க."

நான் கோப்பை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். "சாமுவேல் சார் கையெழுத்துப் போட்டிருக்காருங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அவரு போட்டிருந்தா சரிங்க" என்று சொல்லி, வாசலைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த அம்மாள் அங்கிருந்தே எனக்கு ஒரு கும்பிடு போட்டார். நான் அப்போது ஒரு நொடி யோசித்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்னிடம் அவர் கேட்டது இடத்தைப் பற்றித்தான், முகம் தெளிந்தது சாமுவேல் பெயரைக் கேட்டு. என் சொல்லை நம்ப அவர் வரவில்லை என்றால் என் சொல்லை அவருக்கு நான் ஏன் தர வேண்டும்?

2024 தீபாவளிக்கு முன்னால் அவர் மறுபடியும் வந்தார். கைபேசியில் படம் காட்டினார். சமையலறைச் சுவரில் மூலைக்கு மூலை விரிசல், ஒரு விரல் நுழையும். பின்கதவு சாத்த மாட்டேன் என்கிறதாம். பூட்டுக்காரர் வீட்டிலேயே கதவு பூட்டவில்லை என்று அவரே சிரித்தார். மகள் ரூபினா பிரசவத்துக்கு வந்திருப்பதாகவும், அவளுக்குப் பயமாக இருப்பதாகவும் சொன்னார்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. விரிசல் கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருந்தது. அஸ்திவாரம் இறங்கினால்தான் அப்படி வரும். வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

"புது ஊடு கொஞ்சம் எறங்கி உக்காருமுங்க. ஒரு மழை போனாச் சரியாயிரும்" என்றேன். "இருந்தாலும் ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. சாமுவேல் சார் அனுமதிச்ச ஊடுன்னு மறக்காம அதுல போடுங்க."

மனு எழுதத் தெரியாது என்றார். நானே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். என் கையெழுத்து நன்றாக இருப்பதாகச் சொன்னார். மனுவைக் கோப்பில், வரைபடத்துக்கு அடுத்த பக்கத்தில் சேர்த்தேன். மேலே அனுப்பவில்லை. ஒரே ஒரு மனு போதாது, நான்கைந்து சேரட்டும் என்று காத்திருந்தேன்.

நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலை ஒன்பதரை மணி. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வடக்கு வரிசையில் மூன்று வீடுகள் ஒன்றாக உள்ளே போயின. சரிந்தன என்று பேப்பரில் போட்டார்கள். சரியவில்லை, மண் கீழே போனது, வீடு நின்றபடியே அதோடு போனது. ஆறு பேர். உம்மல் குல்சும், ரூபினா, பக்கத்து வீடுகளில் நான்கு பேர். ரூபினாவின் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். அதை என்ன காரணத்தாலோ எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. பிறகு சேர்த்து ஏழு என்றார்கள். வஹீது கடைக்குப் போயிருந்தார்.

செய்தி வந்ததும் அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து ஓடினார்கள். நான் கோப்பை எடுத்துத் திறந்து, கையெழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தேன். தெளிவாக இருந்தது.

சாமுவேலை ஈரோட்டிலிருந்து அழைத்து வந்து வரைபடத்தைக் காட்டியபோது நானும் அறையில் இருந்தேன். நீங்களும் இருந்தீர்கள். அவர் தாளை வெகு நேரம் பார்த்தார். விரலால் சிவப்புக் கோட்டைத் தொட்டு, நாற்பது அடி தெற்கே நகர்த்தி, அங்கே நிறுத்தினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் காத்திருந்தேன். இப்போது என் பெயரைச் சொல்வார், கத்துவார், சத்தியம் செய்வார், ஒரு சாதாரண மனிதனைப் போல அடுத்தவன் மேல் பழியைப் போடுவார் என்று.

"கையெழுத்து என்னுதுங்க. பாக்காமப் போட்டது என் தப்பு. வேற யாரையும் கேக்க வேண்டாமுங்க" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவே இல்லை. ஏழு பேர் இறந்த வழக்கில் அவரைக் கொண்டுபோகும்போது அலுவலகத்துப் பெண்கள் அழுதார்கள். பிரத்யுஷா போனில் அழுதாள். "மாமா அப்பிடிச் செஞ்சிருக்கவே மாட்டாரு நைனா. வேற யாரோ செஞ்சுட்டு அவரு தலையில கட்டிட்டாங்க" என்றாள். யார் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். அவள் சந்தேகத்தில்கூட நான் வரவில்லை. எதையும் செய்யக்கூடிய ஆளாக என்னை அவள் நினைத்ததே இல்லை. நல்லதும் சரி, கெட்டதும் சரி.

போன வியாழக்கிழமை நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தேன். சாமுவேல் ஜாமீனில் வந்திருந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அப்துல் வஹீது. மனைவியையும் மகளையும் பேரக் குழந்தையையும் பறிகொடுத்த மனிதர், அந்தக் கையெழுத்தைப் போட்டவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். பாதியைப் பிய்த்து அவர் கையில் வைத்தார்.

"சாப்புடுங்க சார். காலையில இருந்து ஒண்ணும் சாப்புடலியே நீங்க" என்றார்.

சாமுவேல் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். வஹீது அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். போவோர் வருவோர் எல்லோரும் ஒதுங்கி நடந்தார்கள், கோயில் நடையைக் கடக்கிற மாதிரி. நான் ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தேன். வஹீது என்னைப் பார்த்தார். மனு எழுதிக் கொடுத்தவன் என்று அடையாளம் தெரியவில்லை. கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள், காற்று வரட்டும் என்று சைகை காட்டினார்.

அன்று முடிவு செய்தேன். பரிதாபம் என்று நினைக்காதீர்கள். மனசாட்சி என்றும் நான் பெரிய பேச்சுப் பேசப்போவதில்லை. அந்தக் கோட்டை வரைந்தவன் நான். மாமன்றமும் பில்டரும் பொறியாளரும் கண்டுபிடிக்க முடியாதபடி வரைந்தவன் நான். ஏழு பேரையும் நான்தான் அங்கே அனுப்பினேன். அதில் மூன்று பேரை வஹீதிடம் நேரிலேயே சொல்லி அனுப்பினேன். செய்யாத ஒன்றைச் சுமந்துகொண்டு இன்னொருவர் மகானாக உட்கார்ந்திருப்பது என்ன நியாயம்? என்னுடையது என்னிடம் வர வேண்டும்.

குழாயைத் திறக்கலாம், மேடம். உள்ளே இருப்பதுதான் முதல் தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

வாக்குமூலத்தின் முடிவில் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் அடிக்கவில்லை, யாரும் சந்தேகப்படக்கூட இல்லை, கோவிந்தராஜுலு தானாகவே வந்து உண்மையைச் சொன்னார் என்று எழுதுங்கள். நேர்மையான மனிதர் என்றும் போடலாம். பேப்பர்காரர்களிடம் சொல்லும்போதும் அதைச் சொல்லுங்கள். அந்த இடத்தில் சாமுவேல் பெயர் வேண்டாம்.